பேறுகால விடுப்பு: எந்த வாரத்தில் நிற்பது?

பேறுகால விடுப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அது எத்தனை வாரம் என்பதோடு முடிந்துவிடுகிறது. நின்றும் குனிந்தும் சுமந்தும் பிழைக்கும் பெண்ணுக்கு அதைவிட நெருக்கடியான கேள்வி, எந்த வாரத்தில் வேலையை விட்டு நிற்பது என்பதே. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அதில் எட்டு வாரம்வரை பேறுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு மொத்தமே 12 வாரம், முன்னதாக எடுக்கக்கூடியது ஆறு. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே அளவுகளையே எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்வாரங்களும் பின்வாரங்களும் ஒரே பையிலிருந்து எடுக்கப்படுபவை என்பதால், முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளை பிறந்தபின் அதனோடு இருக்கும் வாரங்களில் ஒன்றைக் குறைக்கிறது. ஆகவே முடிந்தவரை வேலைக்குப் போய்விட்டு, மிஞ்சும் நாட்களைப் பிள்ளைக்காகச் சேர்த்துவைப்பதே பல பெண்களின் கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழை இல்லாத கணக்குத்தான். ஆனால் உடம்பு கடைசி எட்டு வாரத்தில்தான் கனக்கத் தொடங்கும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையை அருகிருந்து பார்த்தால் அந்த அனுமானம் நிற்காது. செடிகள் இடுப்பளவில் வெட்டி நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றினூடே ஓராள் நுழையும் சந்து மட்டுமே இருக்கும். காலுக்கடியில் தரை எங்கும் சமமாக இராது. ஈரமும் குச்சியும் சேலையைப் பாழாக்காமலிருக்கப் பெண்கள் இடுப்பில் சாக்கையோ பிளாஸ்டிக் விரிப்பையோ சுற்றிக் கயிற்றால் இறுக்கிக்கொள்வார்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தக் கயிறு வயிற்றுக்கு மேலே ஏறும், இல்லையேல் அடிவயிற்றுக்குக் கீழே இறங்கும்; எங்கே கட்டினாலும் ஓரிடத்தில் அழுத்தும். கையால் கிள்ளுவதோடு கத்தரியால் வெட்டும் முறையும் பரவிவிட்டது. இரு கைகளாலும் இயக்கும் நீண்ட அலகுள்ள இந்தக் கருவியின் மேல், வெட்டுப்பட்ட கொழுந்து விழுவதற்கான பையோ பெட்டியோ பொருத்தப்பட்டிருக்கும். உடம்போடு ஒட்டிப் பிடித்து வந்த கத்தரியை, வயிறு முன்தள்ளியபின் ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுமை முதுகெலும்பிலிருந்து விலக விலக இடுப்பில் விழும் பளு பெருகும் என்பது நெம்புகோல் விதி; கத்தரியின் எடை அதேதான், முதுகு தாங்குவது மட்டும் கூடிவிடுகிறது. அதன்பின் கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிச் சரிவில் நடந்து எடைபோடும் இடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பதும் எட்டாம் மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. கர்ப்பகாலத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. அதை ஓட்டுவதற்காக இதயத்துக்கு ஏறும் கூடுதல் வேலையில் பெரும்பகுதி ஐந்தாம் மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ரிலாக்சின் என்னும் இயக்குநீர் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துவதால், வழுக்கும் சரிவில் கால் பிசகும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கும் சுமை வரம்புகள் 20ஆம் வாரத்தையே எல்லைக்கோடாகக் கொள்கின்றன: எப்போதாவது ஒருமுறை, வசதியான உயரத்தில் தூக்கும் சுமை முதல் பாதியில் ஏறத்தாழ 16 கிலோ, பிற்பாதியில் 12 கிலோ, நாள் முழுதும் திரும்பத் திரும்பத் தூக்குவதானால் அது எட்டு கிலோவாகவும் பின்பு ஆறாகவும் குறைகிறது. வெயிலில் செய்யும் வேலையாக இருந்தால் ஆபத்து இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் உழைப்போர் உட்பட 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காக இருந்ததைக் காட்டியது.

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்ற பேச்சு வழக்கம்போல இங்கும் எழும். அதில் உண்மை இல்லாமலில்லை. மருத்துவர்களே நடக்கச் சொல்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்கும்போது நின்றுகொள்ளக்கூடிய நடை வேறு, எடை குறைந்தால் மேஸ்திரி கேள்வி கேட்கும் நடை வேறு. பழைய வழக்கத்தில் இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது: ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது, சடங்கின் பெயரில் அமைந்த விடுப்புத் தொடக்கம் அல்லாமல் வேறென்ன? சட்டம் கூலி கொடுத்து அனுப்பும் 32ஆம் வாரத்துக்கு முன்பாகவே அது வந்துவிடுகிறது.

அந்த 32ஆம் வாரமும் உறுதியான நாளன்று. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணிப் பேறுகால நாள் குறிக்கப்படுகிறது; குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று அளவே. பேறு தள்ளிப்போனால் அந்த நாட்களும் அதே 26 வாரத்திலிருந்துதான் கழியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, இப்படித் தள்ளிப்போகும் நாட்களுக்காகக் கட்டாயப் பின்பேற்று விடுப்பைக் குறைக்கக் கூடாது என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

விடுப்புக்கும் முழு வேலைக்கும் இடையே சட்டம் ஒரு படியை வைத்திருக்கிறது என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. 1961 சட்டத்தின் நான்காம் பிரிவில் இருந்து, புதிய தொகுப்பிலும் தொடரும் விதிப்படி, பேறுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னதான ஒரு மாதத்திலும், அந்த ஆறு வாரத்தில் விடுப்பு எடுக்காத நாட்களிலும், கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ செய்யும்படி கர்ப்பிணியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவரே வேண்டிக்கொண்டால் மட்டும் இந்தக் காப்பு. அதற்காகத் தரப்படும் இலகு வேலையைக் காரணம் காட்டி வழக்கமான நாள்கூலியைக் குறைக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்த்துச் சொன்னது. அதாவது ஏறத்தாழ 30ஆம் வாரத்திலிருந்து, 26 வாரப் பையைத் தொடாமலேயே மூட்டையை இறக்கிவைக்க முடியும். இந்தப் படியும் பத்து வாரம் தாமதமாகவே வருகிறது என்பதை மேற்சொன்ன 20 வார எல்லைக்கோடு காட்டுகிறது. 2017இல் 26 வாரத்தைக் கொண்டாடியவர்கள் நான்காம் பிரிவைத் திருத்த நினைக்காதது வியப்புக்குரியது.

பணத்தின் கணக்கோ மூட்டையை முன்னதாக இறக்கிவைப்பதற்கு எதிராக இழுக்கிறது. விடுப்புக்காலத் தொகை, வேலைக்கு வராமல் நின்ற நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நாள் ஊதியத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தேயிலைத் தோட்டத்தில் நிர்ணயித்த அளவுக்கு மேல் எடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கூடுதல் பணம் உண்டு. 1961 சட்டத்தின்படி ஊக்கத்தொகையும் ஊதியத்தில் அடங்கும் என்பதால், உடம்பு தளரும் அதே மூன்று மாதங்களில் குறைவாக எடுத்தவருக்கு அடுத்த 26 வாரமும் குறைவாகவே கிடைக்கும். ஓய்வு தேவைப்படும் மாதங்களில்தான் ஓடி ஓடிப் பறிக்கச் சொல்கிறது இந்தச் சூத்திரம்.

வாரம் என்றால் எத்தனை நாள் என்பதற்கே உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு 1967இல் நடந்த பேறுக்காக, ஞாயிற்றுக்கிழமைகள் கூலியில்லா நாட்கள் என்று சொல்லி 12 வாரத்துக்கு 72 நாள் பணமே தரப்பட்டது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், வாரம் என்பது ஏழு நாள், ஆகவே 84 நாளுக்கும் பணம் உண்டு என்ற தீர்ப்பு 1977இல் வந்தது. டெல்லி மாநகராட்சியில் சாலைப்பணி செய்த தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2000இல். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு இருப்பதால், ஒரு வாரம் முன்னே பின்னே ஆவது அவருக்குப் பெரிதல்ல. சித்தாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகும் பெண்ணுக்கோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாக வந்து சேரும். எந்த நாளில் சும்மாட்டைக் கீழே வைப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இலகு வேலைக்கான விதி கேட்பது பெண்ணின் வேண்டுகோளை மட்டுமே என்பதால், விடுப்புத் தொடங்கும் தேதியை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே இலகு வேலைக்கான தேதியைத் தனியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. 30ஆம் வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதைப் பேறுகால அட்டையைப் பார்த்துக் கிராம சுகாதாரச் செவிலியர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.