சேற்றில் விதைக்கப்படும் மட்டி

தேக்கா சந்தையின் மீன்கடைகளிலும் உணவங்காடி நிலையங்களின் லக்சா, சார் குவே தியாவ் தட்டுகளிலும் காணப்படும், மலாய்க்காரர்கள் கெராங் என்றழைக்கும் மட்டி, பெரும்பாலும் மலேசியாவின் மேற்குக் கரைச் சேற்றுநிலங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறது. பெரும்பாலான சிப்பி இனங்களுக்கு இல்லாத ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் செந்நிறப் புரதம், இதன் குருதியில் இருப்பதால், காற்றோட்டம் குறைந்த களிச்சேற்றிலும் இது உயிர்வாழ்கிறது.

ஆணும் பெண்ணும் தனித்தனியான இவ்வினத்தில் கருவுறுதல் உடலுக்கு வெளியே, விந்தணுவும் முட்டையும் கலக்கும் கடல்நீரிலேயே நிகழ்கிறது. மழையால் ஆற்றுநீர் பெருகி உப்புத்தன்மை குறைவது விந்தணுவும் முட்டையும் வெளியிடப்படுவதைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்தபின், மென்சேறு கிடைத்தால் படிந்து குஞ்சு மட்டியாகிறது, கிடைக்காவிட்டால் மடிகிறது.

பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோரில் 1948இல் தொடங்கிய மட்டி வளர்ப்பு, உண்மையில் இனப்பெருக்கத்தைத் தொடுவதே இல்லை. இயற்கையாகப் படிந்த குஞ்சுகளைச் சேற்றிலிருந்து வாரி, நெல் நாற்றைப் பறித்து நடுவதுபோல் வேறொரு சேற்றுப் பரப்பில் தூவி, தீவனம் எதுவுமிடாமல் ஓராண்டுக்கும் மேலாக வளரவிட்டு அள்ளுவதே அதன் முழுமுறையாகும். செலவு குறைவு என்பது இதன் பெருமை. விதைக்கு, அதாவது குஞ்சுகளுக்கு, முழுக்க இயற்கையை நம்பியிருப்பதே இதன் பலவீனம். 2010இல் சுமார் 78,000 டன்னாக இருந்த மலேசிய உற்பத்தி 2015இல் 17,000 டன்னுக்கும் கீழே சரிந்தபோது, நீர் மாசுபாட்டோடு விதைத் தட்டுப்பாடும் காரணமாகச் சுட்டப்பட்டது. பொரிப்பகத்தில் குஞ்சு உருவாக்குவது இயலும் என்பதைத் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியுள்ளது. ஆனால் அக்குஞ்சுகளையும் இறுதியில் தூய்மையான சேற்றில்தான் விட்டாக வேண்டும்.

சிங்கப்பூரில் மட்டி வளர்ப்பதற்கான தடையும் அச்சேற்றில்தான் உள்ளது. ஜொகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் கயிற்றில் ஒட்டி வளரும் பச்சைச் சிப்பியைப்போல் மட்டியைத் தொங்கவிட முடியாது. அதற்குத் தேவையான கரையோரச் சேற்றுப் பரப்பில் பெரும்பகுதி நிலமீட்பால் மறைந்துவிட்டது. மேலும், நீரை வடிகட்டி உண்ணும் உயிரினமாதலால் மட்டி கிருமிகளையும் உடலில் சேர்த்துக்கொள்கிறது. 1983இல் சிங்கப்பூரில் பரவிய ஹெபடைட்டிஸ் ஏ எனும் கல்லீரல் அழற்சிக்கு இறக்குமதி மட்டியே காரணமென ஆய்வில் தெரியவந்தது. சுவைக்காகக் கொதிநீரில் சில நொடிகள் மட்டுமே முக்கியெடுக்கும் வழக்கத்தில் அந்நோயின் வைரஸ் அழிவதில்லை.