உரிமக் கட்டணம் யாரைச் சேர்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்ததும் வருவது அமரவிளை. இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் வணிகர்களின் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடியே. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததையடுத்து, கேரளத்தில் வணிகவரிச் சோதனைச்சாவடிகளின் பணி முடிவுக்கு வந்தது. ஆனால், தொழில் நடத்துவோர் செலுத்தவேண்டிய உரிமக் கட்டணங்கள் முடிவுக்கு வரவில்லை. அவை எவரிடம், எதற்காகச் செலுத்தப்படுகின்றன என்பதை அறிந்திருப்பது நலம்.

கட்டணங்களை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, மாநில அரசுக்குரியது. மதுபான விற்பனை உரிமத்தைக் கலால் துறை வழங்குகிறது. கடைகள், வணிக நிறுவனங்களின் பதிவைத் தொழிலாளர் துறை மேற்கொள்கிறது. இவற்றின் கட்டணங்கள் மாநிலக் கருவூலத்தைச் சேர்கின்றன.

இரண்டாவது, உள்ளாட்சிக்குரியது. பாறசாலையில் கடை திறப்பவர் ஊராட்சியிடமும், நெய்யாற்றின்கரையில் திறப்பவர் நகராட்சியிடமும் வணிக உரிமம் பெறவேண்டும். இக்கட்டணமும் தொழில் வரியும் உள்ளாட்சியின் சொந்த வருவாயாகும். தொழில் வரி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என்பது அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு விதித்துள்ள வரம்பு.

மூன்றாவது, சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு. இதற்கு அரசுக் கட்டணம் ஏதுமில்லை. எல்லை கடந்து களியக்காவிளைக்குச் சரக்கு விற்பவர், விற்றுமுதல் குறைவாயினும் பொதுவாக இப்பதிவைப் பெறவேண்டும் என்பதை மறக்கலாகாது.

அரசுக்கு வரும் வருவாய் எதுவும் அலுவலரின் கையில் தங்கலாகாது என்பதே நிதி நிர்வாகத்தின் அடிப்படை விதி. அவர் பெறும் தொகைக்கு இரசீது தந்து, தாமதமின்றிக் கருவூலத்தில் செலுத்தவேண்டும். கேரள அரசு அலுவலகங்களில் இதற்கென வழங்கப்படுவதே ‘டி.ஆர். 5’ இரசீது. இணையவழியில் செலுத்தினால் செலுத்துச்சீட்டே சான்றாகும். இரசீது இல்லாத பணம் அரசின் கணக்கில் ஏறியதாக எவரும் மெய்ப்பிக்க இயலாது.

இதன் விளைவை எங்கள் கிளைகளில் காண்கிறோம். வணிகக் கடன் கோரி வருபவர், “உரிமத்தைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்துவிட்டேன்” என்கிறார். கையில் இரசீதோ உரிமமோ இல்லை. நடப்பிலுள்ள உரிமமின்றிக் கடன் விண்ணப்பத்தை நாங்கள் முன்னெடுத்துச் செல்ல இயல்வதில்லை. அவர் மீண்டும் கட்டணம் செலுத்த நேர்கிறது. பண்டிகைக்கால முதலீட்டுக்கான வாய்ப்பும் கைநழுவுகிறது.

கட்டணத்திற்கு மேல் கையூட்டுக் கேட்கப்பட்டால், கேரள ஊழல் தடுப்புப் பிரிவின் 1064 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகார் அளிக்கலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கையூட்டுக் கொடுப்பதும் குற்றமே. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல்துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே, இயன்றவரை வங்கிக் கணக்கு வழியாகவே கட்டணத்தைச் செலுத்துங்கள். இரசீதில் தொகை, நாள், துறையின் பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். உரிமம் முடிவடையும் நாளைக் குறித்துவைத்து, முன்னதாகவே புதுப்பியுங்கள். உரிய இரசீதுடன் செலுத்திய தொகை அரசையும் சேரும். தங்கள் தொழிலுக்கும் அரணாக நிற்கும்.