எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நிற்கும் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. ஊமைத்துரை நின்று போரிட்ட மண்கோட்டையைக் கும்பினிப் படை 1801இல் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் பல காட்சிகளோ ஜெய்ப்பூர் அரண்மனைகளில் எடுக்கப்பட்டவை. அதனால் பாளையக்காரர் கோட்டை என்றதும் கரிசல் மண்ணில் குழைத்த சுவர் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. ராஜபுத்திரர் மாளிகைதான் வருகிறது. இல்லாமல் போன ஒன்றுக்கு நகல் செய்யும்போது எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி கோட்டைக்கு மட்டும் உரியதல்ல. உள்ளங்கை அகல விமான மாடல் ஒன்றைச் செய்து வர்ணம் பூசுகிறவரும் இதே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார். அச்சு அசலாகச் செய்துவிட்டோம் என்று அவர் சொல்லும்போது, அசலில் இருந்த பலவற்றைத் தெரிந்தே விட்டிருப்பார், சிலவற்றை மாற்றியிருப்பார் என்றே பொருள். விடாமலும் மாற்றாமலும் செய்த மாடல் அசல்போல இருக்காது.

கரிசல் பூமிக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட கயத்தாறுக்குப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. இன்று அந்த வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் காலத்து விமானம் ஒன்றைச் செய்ய நினைப்பவருக்கு ஹாக்கர் ஹரிக்கேன் பொருத்தமானது. 1944இல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டியது அதைத்தான். இறக்கை முனையிலிருந்து முனைவரை 40 அடி. மாடல் உலகில் பெரிதும் புழங்கும் 1/72 அளவில் அது 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 72 என்ற எண் விசித்திரமாகத் தோன்றினாலும் அதன் கணக்கு எளிது: அசலில் 6 அடி, மாடலில் 1 அங்குலம். ஆறடி விமானி ஓர் அங்குல பொம்மையாகிவிடுவார்.

கிட் பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் இருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்து எடுத்தது அது. சட்டத்திலிருந்து பாகங்களைக் கட்டரால் நறுக்கி, மிச்சத் துணுக்கை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஊற்றும் திரவத்தைப் பசை என்றே சொல்கிறோம். அது செய்யும் வேலை வேறு. பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. வெல்டிங் என்பதே சரி. வர்ணம் பட்ட விளிம்பு அதனால்தான் சரியாக ஒட்டாது. முதலில் சுரண்ட வேண்டும். இணைப்பில் இடைவெளி விழுந்தால் கார் பட்டறையில் செய்வதுபோலவே பட்டி பார்த்துத் தேய்ப்பார்கள். பிறகு பிரைமர், அதன் மேல் வர்ணம். இதுவரை பொறுமை இருந்தால் போதும், கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

சிக்கல் கனத்தில் தொடங்குகிறது. நீளமும் அகலமும் 72இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. பொருளின் கனம் சுருங்க மறுக்கிறது. இறக்கையின் பின்விளிம்பை அரை மில்லிமீட்டருக்குக் கீழே வார்ப்பது கடினம். அரை மில்லிமீட்டர் என்பது அசலில் 36 மில்லிமீட்டர். ஹரிக்கேனின் விளிம்பு அவ்வளவு தடித்ததல்ல. விமானி அறைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டு 1 மில்லிமீட்டர் கனமாக வார்க்கப்பட்டால், அசலில் அது 7 சென்டிமீட்டர் கனமான கண்ணாடி. உடலில் தகடுகள் சேரும் கோடுகளை 0.15 மில்லிமீட்டர் அகலத்தில் கீறியிருந்தால், நிஜத்தில் அது கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் பள்ளம், சுண்டுவிரல் நுனியே நுழையும். வர்ணமும் அப்படித்தான்: பிரைமர், நிறம், வார்னிஷ் எல்லாம் சேர்ந்து 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, அசலில் 3.6 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியது ஆகிறது. பிரஷ்ஷைவிட ஏர்பிரஷ்ஷை விரும்புவதன் உண்மைக் காரணம் இந்தக் கனம்தான். வழவழப்பு அதன் பிறகு.

அப்படியானால் கோடுகளே வேண்டாமே, தள்ளிநின்று பார்த்தால் அசலில் அவை தெரிவதில்லையே என்பார்கள் கறாரான சிலர். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. கைக்கெட்டும் தூரத்தில், இரண்டடிக்கு அப்பால் மாடலை வைத்துப் பார்ப்பவர் அசலை 144 அடி தள்ளிநின்று பார்ப்பவருக்குச் சமம். ஆனால் கோடே இல்லாத மாடல் கண்ணுக்கு உலோகமாகத் தெரியாது, சோப்புக்கட்டியாகத் தெரியும். ஹரிக்கேனே இதற்கு நல்ல சான்று. அதன் முன்பாதி உலோகத் தகடு. பின்பாதி மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தத் துணியின் இழை இடைவெளியை 72ஆல் வகுத்தால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் மிஞ்சும்; எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. துணி என்று காட்டுவதற்காக மேற்பரப்பில் சாக்குபோல நெசவு பொறித்த கிட்டுகள் தவறிழைத்தது இங்கேதான். சட்டத்துக்குச் சட்டம் துணி லேசாகத் தொய்ந்திருப்பதை மட்டும் காட்டினால் போதும், கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். கோடு பொய், தொய்வு மெய் என்று பிரிக்க முடியாது. பார்ப்பவர் எதைக் கொண்டு பொருளை அடையாளம் காண்கிறாரோ அது இருக்க வேண்டும்.

இதை 1942லேயே அமெரிக்கக் கடற்படை தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று அடையாளம் காணப் பழக்குவதற்காக, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்கள் கேட்டது. அளவு இதே 1/72தான். 35 அடி தூரத்தில் அந்த மாடலைப் பிடித்தால் அரை மைல் தள்ளிப் பறக்கும் விமானம்போல இருக்கும் என்பது கணக்கு. அவற்றில் தகட்டுக் கோடு இல்லை, நிற விவரம் இல்லை, முழுக்கக் கறுப்பு. வானத்தில் விமானம் நிழலுருவாகத்தான் தெரியும் என்பதால் வடிவத்தைத் தவிர மற்ற எல்லாம் விடப்பட்டன. அலமாரியில் வைக்க அவை லாயக்கற்றவை. செய்த வேலைக்கு அவற்றைவிட உண்மையான மாடல் இருந்திருக்க முடியாது.

நிறத்துக்கு வருவோம். பெரிய சச்சரவெல்லாம் இங்கேதான். அசலில் பூசிய அதே வர்ணத்தை, ஆவணத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டுக் கலந்து மாடலில் பூசினால், அது அசலைவிட இருண்டு தெரிகிறது. எனவே 1/72 மாடலுக்குச் சுமார் 15 சதவீதம் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு கணக்கு மாடல் செய்வோரிடையே புழங்குகிறது. இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம் காற்று: தொலைவிலுள்ள மலை வெளிறித் தெரிவதுபோலத் தொலைவிலுள்ள விமானமும் வெளிறும் என்பது. இந்த விளக்கம் எனக்கு ஒப்புதலாக இல்லை. 144 அடியில், அதுவும் கோவில்பட்டிப் பக்கத்து வறண்ட காற்றில், எந்த நிறமும் அவ்வளவு வெளிறிவிடாது. எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, வெள்ளை கலப்பதே மூடநம்பிக்கை என்கிறார்கள். காரணம் தவறு என்பதால் கண்ட விளைவும் தவறாகிவிடாது. நண்பகல் வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். வீட்டு ட்யூப் லைட்டில் சில நூறுதான். வெளிச்சம் குறையும்போது நிறங்களின் துலக்கமும் கண்ணுக்குக் குறைகிறது என்பது நிறவியலில் நிலைநாட்டப்பட்ட செய்தி. வெயிலில் நின்ற விமானத்தை நாம் அறைக்குள் பார்க்கிறோம். வெள்ளை கலப்பது வெயிலை வர்ணத்துக்குள் கொஞ்சம் ஏற்றிவைக்கும் வேலை. அதனால் 15 சதவீதம் என்பது வேதவாக்கு அல்ல; மாடல் எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

கலக்கக் கூடாத இடமும் உண்டு. ஐரோப்பாவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிவிடக் கூடாது என்று 1943 நடுவிலிருந்து இந்தியா, பர்மா பக்கத்து விமானங்களில் சிவப்பை நீக்கி, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் வைத்தார்கள். கிட்டில் வரும் டீகாலில் பெரும்பாலும் சிவப்பு நடுவட்டம்தான் இருக்கும். மிட்டாயோடு வரும் தண்ணி ஸ்டிக்கர்போல நனைத்து நகர்த்தி ஒட்டும் சமாச்சாரம் இது. கயத்தாறு காலத்து விமானத்தில் அதை அப்படியே ஒட்டினால், வர்ணத்தில் காட்டிய அத்தனை நுணுக்கமும் வீண். வெளிறலில் நாலைந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம்; சின்னத்தில் ஒரு பொட்டுச் சிவப்பும் இருக்கக் கூடாது. ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். மங்கல் வர்ணத்தின் சொரசொரப்பில் காற்று சிக்கினால் டீகாலுக்கு அடியில் வெள்ளிப் படலம் தெரியும்.

விமானத்தை நிறுத்தக் கீழே தரை வேண்டும் அல்லவா? உண்மையான கரிசல் மண்ணையே அள்ளி ஒட்டினால் அதைவிட அசல் ஏது என்று தோன்றும். பொடிக்கல்லோடு அள்ளினால் 2 மில்லிமீட்டர் கல் பதினான்கு சென்டிமீட்டர் பாறையாகிவிடும். பசையில் குழைத்தால் காய்ந்த பின்னும் ஈரமண்போலக் கறுத்து நிற்கும். கோடைக் கரிசலோ சாம்பல் பூத்தது. இங்கேயும் அசல் பொருள் ஏமாற்றுகிறது. ஆனால் வெடிப்பு விஷயத்தில் ஒரு விதிவிலக்கு, கரிசலுக்கே உரிய பரிசு. இந்த மண்ணிலுள்ள மாண்ட்மோரிலோனைட் களி நீரைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரமண் காய்ந்து வெடிக்கும்போது வெடிப்புகளுக்கு இடையிலான தூரம் மண்படிவத்தின் தடிமனைப் பொறுத்தே அமைகிறது. எனவே துணியில் சலித்த கரிசலைத் தண்ணீரில் குழைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குப் பரப்பிக் காயவிட்டால், பாளங்களும் சிறுத்தே விழும். ஒரு சென்டிமீட்டர் பாளம் அசலில் 72 சென்டிமீட்டர். கோடையில் புஞ்சையில் காண்பது ஏறக்குறைய அதுதான். இங்கே பொருளைவிட அதன் நடத்தையே நமக்கு உதவுகிறது. காய்ந்த பாளங்கள் உதிராமலிருக்க மிக நீர்த்த பசையைத் தெளித்துவிட்டு, கறுத்துப்போன மேற்பரப்பில் வெளிறிய சாம்பல் வர்ணத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தடவி ஏற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரில் வரைந்து 3டி பிரிண்டரில் எடுத்தால் இந்தக் கவலையெல்லாம் தீராதா என்றால், அச்சின் எல்லை சற்று நகரும், அவ்வளவுதான். கனம் குறையலாம், அறை வெளிச்சம் கூடாது, வர்ணத் துகளும் சிறுக்காது. பிரிண்டருக்கு ஆடிக்காற்றும் தெரியாது. கரிசல் காட்டில் ஆடி மாதம் ஜன்னலைத் திறந்துவைத்து ஏர்பிரஷ் பிடித்தால், ஈர வர்ணத்தில் புழுதி படிந்துவிடும். கோடை மதியத்திலோ அக்ரிலிக் வர்ணம் பாதி வழியிலேயே உலர்ந்து பொடிப்பொடியாக ஒட்டும். தின்னரைச் சற்றுக் கூட்டி, விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன் அடிப்பது நல்லது. கலந்த நிறத்தை முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அடித்து, உலர்ந்த பின் மாடல் நிற்கப்போகும் அதே அலமாரியில், அதே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு மேலே தொடரலாம்.