கே.ஏ. நம்பர் பைக்கோடு கரையான்சாவடிக்கு வந்தவர்களுக்கு

பெங்களூரிலிருந்து மாற்றலாகி, கரையான்சாவடியில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டீர்கள். ரயில் பார்சலில் பைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நம்பர் பிளேட்டில் மட்டும் இன்னும் கே.ஏ. இருக்கிறது. இப்படியே எத்தனை நாள் ஓட்டலாம்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால், இந்த மாநில நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த 12 மாதம் முடிந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு.

நடுவில் போலீஸ் நிறுத்திக் கேட்டால்? நீங்கள் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று காட்ட ஒரு தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம், மாற்றல் ஆணை எல்லாம் உதவும். ஆனால் ரயில் பார்சல் ரசீதுதான் நல்ல சான்று. வண்டியை அனுப்பிய தேதி அதில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் பதினோரு மாதம் சும்மா இருக்கலாமா? கூடாது என்பேன். நம்பர் மத்தியச் சட்டத்தில் வருகிறது, வரி மாநிலச் சட்டத்தில் வருகிறது. இரண்டுக்கும் கணக்கு வேறு. அதோடு, முதல் வேலை இங்கே இல்லை, நீங்கள் விட்டு வந்த ஊரில் இருக்கிறது.

அது என்ன வேலை? என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது. வண்டி பதிவான ஆர்.டி.ஓ. (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) தான் இதைத் தர வேண்டும். விண்ணப்பம் படிவம் 28. பரிவாகன் இணையதளத்தில் தொடங்கலாம். பழைய டிராஃபிக் அபராதம் எதுவும் பாக்கி இருந்தால் முதலில் கட்டி முடியுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். 30 நாளுக்குள் கொடுத்ததாகவோ மறுத்ததாகவோ அலுவலகம் தெரிவிக்காவிட்டால், சான்று தரப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது 48-வது பிரிவு. இன்னும் ஊரை விட்டுக் கிளம்பாதவர் இதைப் படித்தால், வண்டியை பார்சல் போடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

படிவத்தில் சேஸிஸ் நம்பரின் (வண்டிச் சட்டகத்தில் பொறித்த எண்) பென்சில் அச்சு ஒட்டச் சொல்வார்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். பெரும்பாலான பைக்கில் ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் அந்த எண் இருக்கும். அங்கே படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். எண்ணின் மேல் பென்சிலை நன்றாகத் தேய்த்து, செலோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால் எண் அப்படியே டேப்பில் வந்துவிடும். அதை வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். நாலைந்து எடுத்து வைத்துக்கொண்டால் இங்கேயும் உதவும்.

இங்கே எங்கே போவது? கரையான்சாவடிக்காரருக்குப் பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகம், டி.என். 12 என்று தொடங்கும் நம்பர். படிவம் 27-உடன் என்.ஓ.சி., ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, வண்டி வாங்கிய பில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் வண்டியையும் கொண்டுபோக வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்? கட்டணம் சிறிது. பெரிய தொகை ஆயுள் வரிதான் (ஒரே தடவையில் கட்டும் சாலை வரி). தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புது இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். உங்களுடையது ஓடிய வண்டி என்பதால் வயதுக்கு ஏற்பக் குறையும். பில்லை எடுத்துப் போகச் சொன்னது இந்தக் கணக்குக்காகத்தான்.

மதுரையிலிருந்து வந்தவருக்கும் இதெல்லாம் உண்டா? இல்லை. ஒரே மாநிலத்துக்குள் நம்பர் மாறாது. 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரியை மாற்றக் கேட்டால் போதும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியும் யாருக்கும் கவலை வேண்டாம், எந்த மாநிலத்தில் எடுத்ததும் நாடு முழுக்கச் செல்லும்.

புது நம்பர் கிடைத்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியில் நம்பரை மாற்றுங்கள். பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றிருந்தால், விபத்தில் இழப்பீடு கேட்கும்போது அலைய வேண்டிவரும்.

கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரி போனதுதானா? இல்லை. வண்டி அங்கே ஓடாத மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். யாரும் தேடி வந்து தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பலர் இங்கே வரி கட்டிய களைப்பில் இதை மறந்து ஆயிரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். டி.என். 12 ஆர்.சி. கைக்கு வந்த வாரமே அதன் நகலையும் பழைய வரி ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்துப் பழைய ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.