எண்ணெய் பம்புக்குச் சாதாரண பிளக் போதுமா?

படகுக்கும் பம்புசெட்டுக்கும் டீசல் தேவைப்படும் பூம்புகார், சீர்காழி வட்டாரத்தில், பீப்பாயிலிருந்து கேனுக்கு எண்ணெய் மாற்றச் சிறு மோட்டார் பம்பு வைத்துக்கொள்வது வசதிதான். பம்பை விலை பேசி வாங்கும் நாம், அதை மின்சாரத்தோடு இணைக்கும் பிளக்கையும் சாக்கெட்டையும் கையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறோம். ஆபத்து இருப்பது அங்கேதான். ஓடும் மோட்டாரின் பிளக்கை உருவும்போது எழும் நீலப் பொறி, எண்ணெய் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது.

"டீசல் பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்காது" என்று நம்மவர்கள் சொல்வது பாதி உண்மை. இந்தியத் தர நிர்ணயப்படி மண்ணெண்ணெய், டீசல் இரண்டுக்கும் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பீப்பாய் அந்த அளவைத் தாண்டிவிடாதா? பெட்ரோலோ, பெயிண்ட் தின்னரோ அதே கொட்டகையில் இருந்தால் பேச்சே வேண்டாம். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். சுவரின் அடியில் உள்ள சாக்கெட்டைத் தேடிப் போவது போலப் போய்ச் சேரும்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் கசிந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவி பரவி, பின்னர் வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். தீ மூண்ட இடம் நிர்வாகக் கட்டடத்தின் வெடிகாப்பு இல்லாத மின்சாதனமாகவோ, அப்போது ஸ்டார்ட் செய்யப்பட்ட வாகனமாகவோ இருக்கலாம் என்று எம்.பி. லால் குழு கூறியது. கிடங்கு பெரியதுதான், பொறி அதே பொறிதான்.

இத்தகைய இடத்துக்கென உள்ள பிளக், சாக்கெட்டைக் கடைகளில் 'ஃபிளேம்ப்ரூஃப்' என்று கேட்டால் தருவார்கள். அது ஆவியை உள்ளே விடாத பெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படியல்ல. ஆவி உள்ளே போய் வெடித்தாலும் பெட்டி அதைத் தாங்கும். சுடர் மூடியின் நுண்ணிய இடுக்கு வழியே வரும்போது குளிர்ந்து அணைந்துவிடும். ஆகவே ஒரு போல்ட் குறைந்தாலும், இடுக்கில் துரு ஏறினாலும், கசிவுக்கு என்று எம்-சீல் பூசினாலும் கொடுத்த பணம் வீண்.

வாங்கும்போது பெயர்ப்பலகையில் 'எக்ஸ்' குறி, சான்றிதழ் எண், ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079 தரம் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் நகலையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய்க்கு 'டூ-ஏ' வாயுப் பிரிவும் 'டி-3' வெப்பப் பிரிவும் போதும். 'டி-3' என்றால் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாது. ஹைட்ரஜனுக்கு உரிய 'டூ-சி'யை அதிக விலைக்கு நம் தலையில் கட்ட விடவேண்டாம். சுவிட்சை அணைத்தால் மட்டுமே பிளக் கழலும் 'இன்டர்லாக்' வகையையே கேளுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் ஒரே கம்பெனியின் ஒரே சான்றிதழில் வந்த ஜோடியாக இருக்க வேண்டும். மோட்டாரும் கேபிள் கிளாண்டும் அதே தரத்தில் இல்லாவிட்டால் பிளக்குக்கு மட்டும் செலவழித்துப் பயனில்லை.

இத்தனை செலவா என்று மலைப்பவர்களுக்கு நாம் சொல்வது: நாளுக்கு இரண்டு மூன்று கேன் மாற்றும் கடைக்குக் கையால் சுற்றும் பீப்பாய் பம்பே போதும். அதற்குப் பிளக்கே வேண்டாம். இன்னொன்று, டீசலும் மண்ணெண்ணெயும் சேர்ந்து 2500 லிட்டர் வரை, ஒரு கலத்தில் 1000 லிட்டருக்கு மிகாமல், உரிமம் இன்றி வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது. இது இருப்பு வைப்பதற்கு மட்டுமே. விற்பனைக்குத் தனி ஆணைகள் உள்ளன. பெட்ரோலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடலோரக் கடைகளுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. உப்புக் காற்றில் மூடியின் இடுக்கும் போல்ட்டும் சீக்கிரம் அரிக்கும். விவரமறிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு வருடம் ஒருமுறை, மெயினை நிறுத்திவிட்டுத் திறந்து, துடைத்து, கெட்டியாகாத கிரீஸ் தடவி மூடச் சொல்லுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள், இடுக்கு அகன்றுவிடும்.