அலறலுக்குப் பின் ஒரு சூரியன்

1908 இலையுதிர்காலம். கோபன்ஹேகன் நகரில் ஒரு தனியார் மனநல மருத்துவமனைக்கு 44 வயது ஓவியர் ஒருவர் வந்து சேர்ந்தார். பல ஆண்டுக் குடி உடம்பைத் தின்றிருந்தது. இல்லாத குரல்கள் காதில் கேட்டன. அவர்தான் ‘அலறல்’ ஓவியத்தை வரைந்த நார்வேக்காரர், எட்வர்ட் முங்க்.

ஐந்து வயதில் தாயையும், 13 வயதில் அக்கா சோஃபியையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். துன்பம் போனால் கலையும் கூடவே போய்விடும் என்று உறுதியாக நம்பினார். நோய் மட்டுமல்ல, குணமாவதும் அவரைப் பயமுறுத்தியது.

மருத்துவர் டேனியல் யாக்கப்சன் குடியை நிறுத்தினார். ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்தார். அக்கால வழக்கப்படி லேசான மின்சாரமும் பாய்ச்சினார். முங்க் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு மின்சாரம் கொடுக்கும் காட்சியையே கோட்டுச் சித்திரமாக்கி, அதன்மேல் கேலியாக ஒரு வாசகமும் எழுதிவைத்தார்! பிறகு மருத்துவரையே நிற்கவைத்து வரைந்தார். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டி நிற்கிறார் யாக்கப்சன். சுற்றிலும் நெருப்புபோல் வண்ணங்கள். உடம்பு நோயாளியாகப் படுத்திருந்தபோதும் கண் ஓவியனாகவே விழித்திருந்தது.

1909இல் நாடு திரும்பியவர் கிராகெரோ என்ற கடலோர ஊரில் தங்கினார். அங்கே பார்த்த சூரியோதயம்தான் ஓஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்துச் சுவரில் ‘சூரியன்’ ஆனது. நாலரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டருக்கும் மேல் அகலம். மொட்டைப் பாறைகளுக்கும் கடலுக்கும் மேலே கதிர்கள் சீறிப் பாய்கின்றன. ‘அலறல்’ ஓவியத்தில் வானத்தையே நெளியவைத்த அதே வேகம் இந்தக் கோடுகளிலும் இருக்கிறது.

அவருடைய பழைய நெருப்பு அணைந்துவிட்டது என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. அந்தச் சூரியனைப் பார்த்தபின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. தனிமை அவரை விட்டுப் போகவில்லை. மரணத்தைப் பற்றிய நினைப்பும் போகவில்லை. ஸ்பானிய ஃப்ளூவில் தளர்ந்த தன் முகத்தை 1919இல் வரைந்தார். முதுமையில், கடிகாரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே தான் நிற்பதை வரைந்தார். 1944இல், 80 வயதில் இறக்கும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஓஸ்லோ நகருக்கு விட்டுச்சென்றார்.

சிகிச்சைக்குப் போனால் எழுத்து வற்றிவிடும், பாட்டு நின்றுவிடும் என்று தயங்கும் கலைஞர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். முங்குக்கும் இதே பயம் இருந்தது. மருத்துவமனையை விட்டு வந்தபின் அவர் ஏறக்குறைய 35 ஆண்டுகள் வரைந்தார்.