"எனக்கு என்னா தெரியும் மிஸ்?"

வட்டவளைத் தோட்டங்களில் தாய்மாரைச் சந்திக்கும்போது நான் அதிகம் கேட்கும் வசனம், "எனக்கு என்னா தெரியும் மிஸ், நீங்கதான் சொல்லணும்" என்பது. மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூத்தவளைச் சாதாரண தரப் பரீட்சை வரை கொண்டுவந்த தாயும் இதையே சொல்கிறார். பலர் இதைப் பணிவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பிள்ளை விடயத்தில் தன் சொல்லுக்கும் செயலுக்கும் பலன் உண்டு என்ற எண்ணம் அவரிடம் தேய்ந்துவிட்டது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இம்மாதம் எமது சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

ஒரு காரியம் என்னால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறோமோ, அவ்வளவுக்குத்தான் அதில் முயல்வோம், தடை வந்தாலும் விடாமல் நிற்போம் என்று 1977இல் உளவியலாளர் அல்பேட் பண்டூரா எழுதினார். பின்வந்தவர்கள் இதைப் பிள்ளை வளர்ப்பில் பொருத்திப் பார்த்தனர். 1986இல் கட்ரோனா, டிரவுட்மன் என்ற இருவர் அமெரிக்காவில் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சுற்றியிருப்போரின் ஆதரவு கிடைத்த தாய்க்கு இந்த நம்பிக்கை கூடுதலாக இருந்தது. நம்பிக்கை கூடியவருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. எந்நேரமும் அழுது அடம்பிடிக்கும் குழந்தை வாய்த்தவருக்கோ நம்பிக்கை குறைந்திருந்தது. ஆகவே இதைத் தாயின் பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. மற்றவர்கள் கொடுப்பதும் உண்டு, பறிப்பதும் உண்டு.

இங்கே பறிப்பவர்களே அதிகம். இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. அந்த மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுச் செல்கிறார். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான். பின்னேரம் லயத்துக்கு வந்தால் தண்ணீர், விறகு, சமையல். இதற்கிடையில் பிள்ளையைப் பற்றி அவர் காதில் விழுபவை எவை? நிறை காணாது என்று கிளினிக்கில் ஏச்சு. வீட்டில் கவனிப்பதில்லை என்று பாடசாலையில் ஏச்சு. மிச்சத்தை மாமியார் பார்த்துக்கொள்வார். சுவரில் ஒட்டும் போஸ்டரிலும் மேசை நிறையப் பால், முட்டை, பழம். ரொட்டியும் சம்பலும் கொடுத்துப் பிள்ளை வளர்க்கும் தாய் அதைப் பார்த்து எதைப் படிப்பார்? தான் ஒரு குறைத் தாய் என்பதைத்தான்.

யுத்தத்தில் அகப்பட்ட தாய்மாரிடம் இதே தேய்வு வேறு வழியாக வந்தது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. 2009க்குப் பின் உறவினரைத் தேடி மீண்டும் தோட்டத்துக்கு வந்த ஒரு தாய், மெனிக் பாம் முகாமைப் பற்றிச் சொன்னார். தொடக்கத்தில் அங்கே சமைத்த சாப்பாட்டைத்தான் பங்கிட்டார்கள். தண்ணீருக்கும் வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. "புள்ளைக்குப் பசிக்கிறப்ப குடுக்க ஏலாது மிஸ், அவங்க குடுக்கிறப்பதான். அம்மான்னு பேரு மட்டுந்தான் இருந்திச்சு" என்றார். ஷெல்லடிக்குள் அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உயிரோடு வந்து சேர்ந்ததை அவர் ஒரு கணக்காகவே எடுப்பதில்லை.

அது பெரிய கணக்கு சகோதரிகளே. வடபகுதித் தமிழ்க் குடும்பங்களிடம் ஸ்ரீஸ்கந்தராஜா, நொய்னர், கட்டானி ஆகியோர் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளிலும், பெற்றோரின் அரவணைப்பை உணர்ந்த பிள்ளைகளுக்கு மனத்துயரும் ஒதுங்கிப் போகும் குணமும் குறைவாக இருந்ததை அது காட்டியது. அரவணைப்புக்குக் காசு வேண்டாம். ஆனால் தன் அரவணைப்புக்குப் பலன் உண்டு என்று நம்பாத தாய் அதை மறந்தே போகிறார்.

நம்பிக்கை போன வீடுகளில் நான் காண்பது பெரும்பாலும் இரண்டு. சொன்னால் கேட்காது என்று முன்பே தீர்மானித்து, எடுத்த எடுப்பில் அடி. அல்லது போனைக் கொடுத்துவிட்டு எதையும் சொல்லாமல் விடுதல். இரண்டிலும் பிள்ளை இன்னும் அடங்காமல் போகிறது. "பார்த்தீங்களா, என்னால ஏலாது" என்று தாய்க்கு மேலும் உறுதியாகிறது. "உன் வளர்ப்புதான்" என்று கணவன் தொடங்க, சண்டை. தகப்பன்மாரையோ கிளினிக்குக்கும் பாடசாலைக்கும் யாரும் கூப்பிடுவதே இல்லை. பிள்ளை காரியத்தில் தனக்கு ஓர் இடமும் இல்லை என்று கண்ட மனிதனுக்குத் தவறணை பக்கமாகிவிடுகிறது. குடிக்கு இது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன்.

தாய் வெளிநாடு போன வீட்டில் அம்மாயியின் பாடு இன்னும் சிக்கல். கண்டிக்கவும் பயம், விடவும் பயம். வெளிநாடு போகும் பெண்களுக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானபோது, பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டு எழுதினார்கள். பார்ப்பவருக்கு யார் துணை என்று நான் கண்ட அம்மாயிமாரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

எமது குழுக் கூட்டத்தில் அறிவுரை சொல்வதைக் குறைத்து, "இந்தக் கிழமை உங்கள் பிள்ளையிடம் சரிவந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினோம். முதல் தடவை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வன்னியிலிருந்து வந்த அந்தத் தாய் பேசினார். இடி முழங்கினால் முதலில் நடுங்குவது அவர்தான்; அதைக் கண்டு, யுத்தத்துக்குப் பின் பிறந்த சின்னவனும் நடுங்குவான். இப்போது இருவரும் போர்வைக்குள் இருந்து இரவு ரயிலுக்குக் காது கொடுப்பார்களாம். சத்தம் கேட்டதும் "இந்தா, அட்டனுக்கு ஏறுது" என்று சொல்லிப் படுத்துவிடுவார்களாம். அடுத்த கிழமை வேறு இரண்டு பேர் இதையே செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். என் பட்டப்படிப்பு பேசினால் இது நடந்திராது. தன்னைப் போன்ற ஒருத்தி செய்துகாட்டியதுதான் அவர்களுக்கு எடுபட்டது.

"நான் அடிச்சுத்தான் மூணையும் ஆளாக்கினேன்" என்று நெஞ்சை நிமிர்த்துவோரும் உண்டு. அந்தத் துணிவை நான் இங்கே சேர்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொள்ள முடிந்தவரின் நம்பிக்கையே வீட்டுக்கு உதவுகிறது.

நம்பிக்கை சோறு போடாது என்பதும் எனக்குத் தெரியும். 2022 நெருக்கடியில் பால்மா வாங்க வழியில்லாமல் நின்ற தாயிடம் "தைரியமாக இருங்கள்" என்று மட்டும் சொல்வது கேலி. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாகக் கூடியபோதும் அது முழுப்பேர் போட்ட நாளுக்குத்தான். இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமும் இல்லை, அழுகையும் நிற்கவில்லை என்றால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

போன தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு எமது குழுவிலிருந்து நால்வர் சேர்ந்து போனார்கள். தனியே போனால் பின் வாங்கில் இருந்து கையெழுத்து வைத்துவிட்டு வருபவர்கள். இம்முறை ஆளுக்கொரு கேள்வியை முதல் நாளே சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். கேட்டது இருவர்தான். மகன் கணக்கில் எந்த இடத்தில் பிந்தி நிற்கிறான் என்று ஒருவர் கேட்க, ஆசிரியர் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினாராம்.